குழாயடியில் நிற்பது யார் என்று கேளுங்கள்

கல்லூரி மாணவர்களிடம் கருத்துக் கணிப்பு எடுக்க நம் மன்றம் ஆள் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? சென்ற செயற்குழுக் கூட்டத்தில் இரவு பதினொரு மணி வரை நடந்த வாதம் இதுதான். கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டிய கல்யாண் தோழர்கள் எழுந்து போன பிறகும் முடிவு ஏற்படவில்லை. அங்கே பாதியில் நின்ற என் பேச்சைத்தான் இங்கே முழுவதுமாக எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண் பெண் சமத்துவத்திற்காகப் பாடுபடும் தொண்டு நிறுவனம் ஒன்று, மும்பைக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்கிறது. நம் பிள்ளைகள் அதிகமாகப் படிக்கும் சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துக் கல்லூரிகளுக்குத் தமிழும் மராத்தியும் தெரிந்த ஆள் வேண்டும் என்று சென்ற ஆண்டு கேட்டார்கள். நம் இளைஞர் அணியினர் சிலர் போனார்கள். என் வார ஓய்வு நாட்களில் நானும் போனேன். வரும் கல்வியாண்டிலும் ஆள் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

மூத்த தோழர்கள் இரண்டு தடைகளைச் சொன்னார்கள். ஒன்று, நம் வீட்டுப் பெண்களைப் பற்றி வெளியார் எதற்காகக் கேட்க வேண்டும் என்பது. மற்றொன்று, தாளை நிரப்பி அவர்கள் மேலிடத்தில் காட்டி நிதி வாங்கிக் கொள்வார்கள், நமக்கு என்ன கிடைக்கும் என்பது.

இரண்டாவது தடையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதல் தடையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோழர்களே! தண்ணீர் வரவில்லை என்றால் எத்தனை குடும்பம், எத்தனை குழாய் என்று மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கணக்குக் காட்டுகிறோம். குடிசையை இடிக்க வந்தால் 1-1-2000க்கு முன்பிருந்தே குடியிருக்கிறோம் என்று ரேஷன் கார்டையும் மின்சார ரசீதையும் தூக்கிக் கொண்டு ஓடுகிறோம். கணக்கு இருந்தால்தான் உரிமை என்பதை இந்த நகரம் நமக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பெண்கள் விஷயத்தில் மட்டும் கணக்கு வேண்டாமா? யாருக்குப் பயந்து வேண்டாம்?

கணக்கெடுப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1971இல் மத்திய அரசு பெண்களின் நிலை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. பூல்ரேணு குகா தலைவர். வீணா மஜும்தார் உறுப்பினர் செயலாளர். 1974 டிசம்பரில் ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற பொருள்படும் தலைப்பில் அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். அதுவரை, சுதந்திரம் வந்துவிட்டது, பெண்ணுக்கு ஓட்டு வந்துவிட்டது, பிரதமரே பெண்தான், இனி என்ன குறை என்று படித்தவர்கள் நினைத்திருந்தார்கள். அறிக்கையோ வேறு கதை சொன்னது. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில், 1971இல் 930 பேர்தான் இருந்தார்கள். நாடு முன்னேற முன்னேறப் பெண்களின் விகிதம் குறைந்திருக்கிறது! இந்த எண்கள் மக்கள்தொகைக் கணக்கில் எல்லார் கண்ணிலும் பட்டுக் கிடந்தவைதான். சேர்த்துப் பார்த்துக் கேள்வி கேட்க ஆள் தேவைப்பட்டது. பின்னாளில் நாடு முழுவதும் எழுந்த பெண்கள் இயக்கங்களுக்கு அந்த அறிக்கை கையில் பிடித்த விளக்காக இருந்தது.

ஆகவே கணக்கெடுப்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் கட்சியில் நான் இல்லை. என் சண்டை கேள்வித்தாளோடு.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆராய்ச்சி முறைகளைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஆனால் கட்டம் போட்ட தாளைப் பற்றி ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்குத் தெரியாதது இருக்க முடியாது. இருபது வருடத்துக்கும் மேலாக நான் செய்வது அந்த ஒரு வேலைதான். தாளில் என்ன கட்டம் இருக்கிறதோ அதுதான் மேலே போகும். கட்டம் இல்லாத சங்கதி நடக்கவே இல்லை என்று அர்த்தம். கட்டத்தை வரைகிறவர் கையில்தான் பாதி விடை இருக்கிறது.

அந்தத் தாளின் முதல் பக்கத்தில் தந்தையின் தொழில், தாயின் தொழில் என்று இரண்டு வரி. தாராவியில் இருந்து வரும் ஒரு பையன், தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘இட்லி வியாபாரம்’ என்று எழுதினான். தாயின் தொழில் என்ற இடத்தில் ‘ஹவுஸ் வைஃப்’. நம் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தென்மாவட்டங்களில் இருந்து வந்து தாராவியில் இட்லித் தொழில் செய்யும் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்பது நமக்குத் தெரியும். பிற்பகலில் அரிசியும் உளுந்தும் ஊறும். மாலையில் மாவு அரையும். ஊர் உறங்கும் நேரத்தில் அடுப்பு எரியும். நடுநிசி தாண்டி இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் தட்டுத் தட்டாக வேகவைத்து, சட்னி அரைத்து, சாம்பார் இறக்கிப் பாத்திரத்தில் அடுக்குவது யார்? விடியற்காலையில் சைக்கிளில் ஏற்றிக் கொண்டு போகிறவர் வியாபாரி. நல்லது, அவர் படும் பாடும் எனக்குத் தெரியும். மழையிலும் மிதிக்கிறார். ஆனால் இரவெல்லாம் ஆவியில் நின்றவளுக்கு என்ன பெயர்? ‘சும்மா வீட்டில் இருக்கிறாள்.’

அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வீட்டில் அவன் கேட்டு வளர்ந்த வார்த்தை அது. தாளும் அவனைத் திருப்பிக் கேட்கவில்லை. இத்தனைக்கும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விளக்கப்படியே, குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் உழைப்பதும் வேலைதான். அரசாங்கத்தின் தாளில் அவள் தொழிலாளி. சமத்துவ நிறுவனத்தின் தாளில் அவள் ஒன்றுமில்லை! இதைவிட வேடிக்கை உண்டா?

அடுத்த பக்கங்களில் வரிசையாக வாக்கியங்கள். ‘ஆணும் பெண்ணும் சமம்.’ ‘பெண்கள் வேலைக்குப் போக வேண்டும்.’ ‘வீட்டு வேலையை இருவரும் பகிர்ந்து கொள்ள வேண்டும்.’ ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம். முழுவதும் ஏற்கிறேன் என்பதில் தொடங்கி, அறவே ஏற்கவில்லை என்பது வரை. மாணவர்கள் என்ன செய்தார்கள்? முதல் கட்டத்தில் மேலிருந்து கீழே வரிசையாக டிக் அடித்துக் கொண்டே போனார்கள். சிலர் ஒரே கோடாக இழுத்தும் விட்டார்கள். பரீட்சைத் தாளில் சரியான விடை எது என்று பன்னிரண்டு வருடம் பழகிய பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய கணக்கா?

வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவன், நல்ல பையன், தாளைக் கொடுக்கும்போது அவனிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

“தம்பி, இன்னிக்குக் காலையில உங்க வீட்ல தண்ணி பிடிச்சது யாரு?”

“தங்கச்சி, அண்ணாச்சி.”

“நீ பிடிக்கலியா?”

“எனக்குக் காலேஜ் இருக்குல்ல.”

“தங்கச்சி என்ன பண்ணுது?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சிரித்துக் கொண்டே, “அதுவும் காலேஜ்தான் அண்ணாச்சி” என்றான்.

இந்த உரையாடலுக்குத் தாளில் கட்டம் இல்லை. அவன் போட்ட டிக் மட்டும் மேலே போயிற்று. வீட்டு வேலையைப் பகிர்ந்து கொள்ள வேண்டும் என்பதை முழுவதும் ஏற்கும் இளைஞர்களில் ஒருவனாக அவன் எண்ணப்பட்டிருப்பான். அவன் பொய் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். கேட்டது அவன் கருத்தை. கருத்தைச் சொன்னான். கருத்துக்குக் காசு ஆகாது, முதுகும் வலிக்காது.

கருத்தைக் கேட்காமல் காரியத்தைக் கேட்க முடியாதா? முடியும். அதற்கு முன்னுதாரணம் அரசாங்கத்திலேயே இருக்கிறது. 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் சோதனையாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதற்கான கணக்கு அது. பிறகு 2019இலும் 2024இலும் நாடு முழுவதும் நடத்தினார்கள். அவர்கள் கேட்ட முறை எளியது. முந்தின நாள் விடியற்காலை நான்கு மணி முதல் இன்று நான்கு மணி வரை, அரை அரை மணியாக, என்ன செய்தீர்கள்? அவ்வளவுதான். ஏற்கிறேன், ஏற்கவில்லை என்ற பேச்சே கிடையாது. அதில் வந்த விடையைப் பாருங்கள். 2024 கணக்குப்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். இந்த 88ஐப் பார்த்து யாரும் மீசையை முறுக்க வேண்டாம். கை நனைக்காத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவே இல்லை. 2019 கணக்கில், ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 சதவீதம் பேர் அன்றாடம் வீட்டு வேலை செய்தார்கள். ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான்.

தாளைக் கொடுத்த முறையையும் சொல்ல வேண்டும். வகுப்பறையில், பெஞ்சு பெஞ்சாக, ஆசிரியர் முன்னால் நிற்க, பிள்ளைகள் தோளோடு தோள் உட்கார்ந்து எழுதினார்கள். கடைசிப் பக்கத்தில் ரயிலிலும் பேருந்திலும் கல்லூரியிலும் தொல்லைக்கு ஆளானது உண்டா என்ற கேள்விகள். ஒரு மாணவி இடக்கையால் தாளை மறைத்துக் கொண்டு பக்கத்து வரிசையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கத்தை எழுதாமலே மடித்துக் கொடுத்துவிட்டாள். தாளின் தலைப்பில் கைப்பேசி எண்ணுக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். எண்ணையும் கொடுத்துவிட்டு எந்தப் பெண் உண்மையை எழுதுவாள்? ஜூனியர் காலேஜ் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது கூட நிரம்பவில்லை. எண் எதற்கு என்று நான் கேட்டேன். பின்னால் தேவைப்படலாம் என்றார்கள். என்ன தேவை என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

தேர்தலில் நாம் ஓட்டுப் போடும்போது மறைப்பு வைக்கிறார்களா இல்லையா? பெண் தன் துன்பத்தை எழுதும்போது அந்த மறைப்பு கூடக் கிடையாதா? ஒரு அட்டைப் பெட்டி, பெயர் இல்லாத தாள், பெண்களுக்குத் தனி அறை. இதற்கு எந்த வெளிநாட்டு நிதியும் வேண்டாம்.

இன்னொன்றையும் அங்கேயே பார்த்தேன். 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது. 2013இல் பணியிடத் தொல்லைக்கு எதிரான சட்டம் வந்தது. 2015இல் பல்கலைக்கழக மானியக் குழுவே விதி செய்து, ஒவ்வொரு கல்லூரியிலும் புகார்க் குழு இருக்க வேண்டும் என்றது. உங்கள் கல்லூரிக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று மரத்தடியில் நின்ற மாணவிகளைக் கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. தாளில் இந்தக் கேள்வி இருந்திருந்தால் அன்றைக்கே அறிவிப்புப் பலகையில் பெயர்கள் ஏறியிருக்கும். கேள்வி கேட்பதே சில சமயம் பாதி வேலையைச் செய்துவிடும்.

இனி, எனக்கு மிகவும் உறுத்தும் சங்கதிக்கு வருகிறேன். கல்லூரியில் போய்க் கேட்டால் கல்லூரிக்கு வந்தவர்கள்தான் பதில் சொல்வார்கள். 2021-22 ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கை எடுத்துக் கொள்வோம். பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயது வரை உள்ள மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், உயர்கல்வியில் இருப்பவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர். இதில் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்து போகவில்லை. பெண்கள் 28.5, ஆண்கள் 28.3. மகிழ்ச்சியான செய்திதான். 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, தெருவில் வசையும் சேறும் வாங்கிய சாவித்திரிபாய் புலே இந்த எண்ணைப் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் மீதி எழுபது பேர் எங்கே? அவர்களிடம் யார் போய்க் கேட்பது?

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நம் சந்துகளில்தான் இருக்கிறார்கள். பத்தாவது முடித்துவிட்டுத் தோல் பைக்கு ஜிப் வைத்துத் தைக்கிறாள் ஒருத்தி. பணக்கார வீட்டில் குழந்தை பார்க்கிறாள் இன்னொருத்தி. அம்மா வேலைக்குப் போவதால் தம்பி தங்கைகளைப் பார்த்துக் கொண்டு கதவருகே உட்கார்ந்திருக்கிறாள் மற்றொருத்தி. அவர்கள் ஏன் நின்றார்கள் என்றால், ‘தமிழர்கள் பெண்ணைப் படிக்க வைக்க மாட்டார்கள்’ என்று வெளியார் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது பொய். மராட்டிய மாநிலத்தில் பட்டியல் சாதிச் சான்றுக்கு 10-8-1950க்கு முன்பும், பிற்பட்டோர் சான்றுக்கு 13-10-1967க்கு முன்பும் குடும்பம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். எந்தக் கூலித் தொழிலாளி தன் தாத்தாவின் வாடகை ரசீதைப் பெட்டியில் வைத்திருக்கிறான்? தமிழ்நாட்டிலோ 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. உயர்கல்வி சேரும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய். ஆனால் அது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு. மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்த நம் பெண் அங்கேயும் சேர்த்தி இல்லை, இங்கேயும் சேர்த்தி இல்லை. முழுக் கட்டணம் கட்ட வேண்டும். வீட்டில் ஒருவருக்குத்தான் கட்ட முடியும். அந்த ஒருவர் யார்?

இந்த இடத்தில்தான் அரசாங்கத்தின் குற்றம் முடிந்து நம் வீட்டின் கதை தொடங்குகிறது. என் வீட்டையே சொல்கிறேன். என் தகப்பனார் பணியில் இருக்கும்போதே காலமானார். வாரிசுக்கு வேலை உண்டு என்றார்கள். என் அக்கா பன்னிரண்டாவது தேறியவள். கணக்கில் புலி. நான் பத்தாவது, அதுவும் இரண்டாம் முயற்சி. மனுவில் எழுதப்பட்டது என் பெயர். வீட்டில் யாரும் அழவில்லை, சண்டை போடவில்லை, யோசிக்கக்கூட இல்லை. கேள்வியே எழவில்லை. அக்கா இன்றைக்கும் அம்பர்நாத்தில் அப்பளம் உருட்டிப் பிள்ளைகளை ஆளாக்குகிறாள். என் சம்பளப் பட்டியலில் தவறு வந்தால் கண்டுபிடித்துச் சொல்வதும் அவள்தான். அன்றைக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ‘பிள்ளைகளில் யாருக்கு வேலை?’ என்று கேட்க ஒரு ஆள் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்க ஆள் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஆள் கொடுப்போம். ஆனால் வெறும் கைகளாகப் போக வேண்டாம். ‘நமக்கு என்ன கிடைக்கும்?’ என்று கேட்ட மூத்த தோழர்களுக்கும் இதுதான் என் பதில். உழைப்பைக் கொடுக்கிறவன் வேலையின் நிபந்தனையைப் பேசுவது தொழிற்சங்கத்தின் முதல் பாடம் அல்லவா?

நிறுவனத்தாருக்கு மன்றத்தின் பெயரில் ஒரு கடித நகல் தயாரித்திருக்கிறேன். கருத்துக் கேள்விகளைப் பாதியாகக் குறைத்து, நேற்று நடந்ததைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். நேற்றுத் தண்ணீர் பிடித்தது யார், யார் சாப்பிட்ட தட்டை யார் கழுவினார்கள், வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார், வீட்டு வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது, உன் அக்கா தங்கை எத்தனாம் வகுப்பில் நின்றாள், அவள் நின்ற ஆண்டு வீட்டில் வேறு யார் படித்துக் கொண்டிருந்தார்கள். தாயின் தொழிலைக் கேட்கும் இடத்தில், அவர் இரவும் பகலும் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுத இடம் விடச் சொல்லியிருக்கிறேன். பெயரும் எண்ணும் வேண்டாம், பெட்டி வேண்டும். கேள்விகள் தமிழிலும் இருக்க வேண்டும். கல்லூரியில் ஒரு மாணவரைக் கேட்டால், கல்லூரிக்கு வெளியே அதே வயதுள்ள ஒருவரையும் கேட்க வேண்டும். அதற்கு வழிகாட்டச் சந்து சந்தாக நம் ஆட்கள் வருவார்கள். முடிவு வந்ததும் ஆங்கில அறிக்கையாக அலமாரியில் வைக்காமல், நம் மன்றக் கூட்டத்தில் வந்து தமிழில் படித்துக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டால் இருபது பேர் தயார். மறுத்தால், தாளை நாமே அச்சடித்து நாமே கேட்போம். ஆயிரம் பிரதி அச்சடிக்க ஆகும் செலவு ஒரு பொங்கல் விழாவின் ஒலிபெருக்கி வாடகையை விட அதிகம் இல்லை.

மற்றொரு காரியமும் நம் கையிலேயே இருக்கிறது. 1-3-2027ஐக் குறிப்பு நாளாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பவர் வாசலில் நின்று, “அம்மா என்ன வேலை செய்றாங்க?” என்று கேட்கும்போது, உள்ளேயிருந்து குரல் கொடுக்கும் ஆண்கள் “ஒண்ணும் இல்ல, வீட்லதான்” என்று சொல்லாமல் இருக்க வேண்டும். இட்லி அவிக்கிறவர், அப்பளம் போடுகிறவர், தோல் தைக்கிறவர், பூக்கட்டுகிறவர் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். முடிந்தால் அந்தப் பதிலை அம்மாவே சொல்லட்டும்.

கடித நகலை இறுதி செய்ய வரும் மாதம் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மன்றக் கட்டிடத்தில் கூட்டம். இதுவரை செயற்குழுவில் பேசிய பதினைந்து பேரும் ஆண்கள். அன்றைக்குத் தாய்மார்களும், படிப்பை நிறுத்திய பெண்களும், படிக்கிற பெண்களும் வந்து கேள்விகளைத் திருத்திக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கிக் கொண்டே வரலாம். பாய் விரிப்பது, குழந்தைகளைப் பார்த்துக் கொள்வது, டீ போடுவது, தம்ளர் கழுவுவது எல்லாம் இளைஞர் அணியின் பொறுப்பு. என் பெயரையும் தம்ளர் கழுவும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.